மெல்ல அடிக்கத் தெரிந்த கை: சினிக் இசைக்குழுவும் 'ஃபோகஸ்' ஆல்பமும்

ஜாஸையும் ஹெவி மெட்டலையும் கலந்து வாசிக்கும் குழு என்றதும் பலருடைய மனத்தில் எழுவது ஒரு வித்தைக் காட்சிதான். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் கிட்டாரின் மேல் விரல்கள் ஓடும். தாளம் நொடிக்கு நொடி முகம் மாறும். எங்கிருந்தோ ஒரு சாக்ஸபோன் நுழைந்து, வந்த வேகத்திலேயே மறையும். அத்தகைய குழுக்கள் உண்டு, அவற்றில் சில எனக்குப் பிடித்தவையும்கூட. ஆனால் இந்த இரண்டு இசைகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த சினிக் என்ற குழு 1993ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபோகஸ்' ஆல்பத்தைத்தான் சொல்வேன். எட்டுப் பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 36 நிமிடங்கள். பல ஆண்டுகளாக அதைக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது: இவர்கள் ஜாஸிடமிருந்து முதன்மையாகப் பெற்றுக்கொண்டது மெல்ல வாசிக்கும் பழக்கத்தை. வேகமும் கணக்கும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன; அவற்றை ஹெவி மெட்டலின் கடுமையான கிளையான டெத் மெட்டலே பதின்ம வயதில் கற்றுக்கொடுத்துவிட்டது.

1980களின் பிற்பகுதியில் ஃப்ளோரிடா மாநிலம் டெத் மெட்டலின் தலைமையிடமாக விளங்கியது. டாம்பா நகரில் மோரிசவுண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடமும், அங்கே பணியாற்றிய ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பதிவாளரும் அந்த இசையின் ஓசைக்கே வடிவம் கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. டெத், ஒபிச்சுவரி, மார்பிட் ஏஞ்சல், டீசைட் ஆகிய குழுக்களெல்லாம் அந்தக் கூடத்தில் பதிவு செய்தவைதாம். சுருதியை இறக்கிக் கட்டிய கிட்டார்கள், தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமல், ஸ்னேர் டிரம்மையும் காலால் அடிக்கும் பாஸ் டிரம்மையும் மாறி மாறி அடித்து இடைவெளியே இல்லாமல் நிரப்பும் 'பிளாஸ்ட் பீட்' ஆகியவை இந்த இசையின் இலக்கணம். ஒவ்வொரு அடியும் முழுப் பலத்தோடு விழவேண்டும். அடிக்கு அடி ஓசை ஏறி இறங்கினால் அந்த அடர்த்தி கலைந்துவிடும் என்பது அன்றைய எழுதாத விதி.

அதே மாநிலத்தின் தென்முனைக்கு வேறொரு மரபும் இருந்தது. மின் பாஸ் வாத்தியத்தின் பேச்சையே மாற்றிய ஜாக்கோ பஸ்டோரியஸ், மயாமிக்குச் சற்று வடக்கே உள்ள ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். ஃப்ரெட் எனப்படும் உலோகக் கட்டைகள் இல்லாத பாஸில், மனிதக் குரலைப்போல் வழுக்கிச் செல்லும் சுரங்களை அவர் வாசித்த முறையை அதற்குப் பிறகு வந்த எவரும் ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. 1987 செப்டம்பரில் அவர் இறந்தார். அதே ஆண்டில்தான் மயாமியில் பால் மஸ்விடால் என்ற கிட்டார் கலைஞரும் ஷான் ரைனெர்ட் என்ற டிரம்ஸ் கலைஞரும் சினிக் குழுவைத் தொடங்கினார்கள். இருவருக்கும் அப்போது பதினாறு வயது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆயினும் அந்த ஊரின் காற்றில் இரண்டு இசைகளும் கலந்திருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தது வியப்பாகத் தோன்றாது.

அவர்களுடைய தொடக்ககால டெமோ பதிவுகளைக் கேட்டால், திறமையான, கோபமான, அவசரமான இளைஞர்களின் இசை என்றுதான் தோன்றும். ஒரு டெமோவுக்கும் அடுத்ததற்கும் இடையே தேர்ச்சி கூடிக்கொண்டே போகிறது. ஜேசன் கோபெல் இரண்டாவது கிட்டாருக்கும் டோனி சோய் பாஸுக்கும் வந்து சேர்ந்தார்கள். 1991ஆம் ஆண்டு ரோட்ரன்னர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த டெமோவில் 'யுரோபோரிக் ஃபார்ம்ஸ்' என்ற பாடல் இருக்கிறது. அதே பாடல் 'ஃபோகஸ்' ஆல்பத்திலும் உண்டு. இந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிட இந்தக் குழுவின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள நல்ல வழி வேறில்லை. மெட்டுக்கோவை ஏறத்தாழ அதேதான். ஆனால் ஆல்பத்தில் இருக்கும் வடிவத்துக்குள் காற்றோட்டம் வந்திருக்கிறது. உறுமல் பின்னுக்குப் போயிருக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் சிம்பல் என்ற உலோகத் தட்டின் நுனி மட்டும் ஒலிக்கும் இடங்கள் தெளிவாகக் காதில் விழுகின்றன.

இதற்கு இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் முக்கியம். டெத் குழுவின் தலைவரான சக் ஷுல்டினர் தம் நான்காவது ஆல்பத்துக்காக மஸ்விடாலையும் ரைனெர்ட்டையும் அழைத்துக்கொண்டார். பாஸுக்கு ஸ்டீவ் டிஜார்ஜியோ. 1991ஆம் ஆண்டு மோரிசவுண்டில் பதிவாகி வெளிவந்த 'ஹியூமன்' என்ற அந்த ஆல்பத்தில் ரைனெர்ட் வாசித்தபோது அவருக்கு இருபது வயதுதான். அதன் முதல் பாடலான 'ஃப்ளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்', டிரம்ஸின் தொடர் உருட்டல் ஒன்று தொலைவிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வருவதோடு தொடங்குகிறது. டெத் மெட்டலில் டிரம்ஸ் அப்படி அறிமுகமாவது அபூர்வம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது 'லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' பாடலின் தொடக்கத்துக்குத்தான். அங்கே டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு இல்லாத தெளிந்த கிட்டார் நாதமும் அடக்கமான பாஸும் சேர்ந்து நடக்க, ரைனெர்ட் சிம்பல்களையும் டாம்களையும் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். ஒரு நிமிடம்கூட நீடிக்காத பகுதி அது. பிறகு இடி இறங்குகிறது. இடி இறங்கிய பின்பும் அந்தத் தொடுகை நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், இரட்டை பாஸ் டிரம் உருளும்போதே வலக்கை சிம்பலில் சிறிய, வேறுபட்ட அழுத்தங்களோடு ஒரு தனி வரியைப் பேசிக்கொண்டிருக்கிறது.

மேடைகளில் டிரம்ஸ் வாசிக்கும் என் நண்பர் ஒருவர் இதை எனக்குச் செய்தே காட்டினார். பயிற்சிக்கான ரப்பர் பேடுகளை முன்னால் வைத்துக்கொண்டு, ரைனெர்ட்டின் ஒரு தாளக்கோவையை முதலில் எல்லா அடிகளும் ஒரே பலத்தில் விழும்படி வாசித்தார். சரியாகத்தான் இருந்தது, கணக்குப் பிசகவில்லை, ஆனால் அது எவரும் வாசிக்கக்கூடிய ஒரு பாடம்போல் ஒலித்தது. பிறகு அதே கோவையில் முக்கியமான அடிகளை மட்டும் ஓங்கி விட்டு, அவற்றுக்கிடையே உள்ளவற்றைக் குச்சி விரலிடுக்கிலிருந்து தானாக விழுவதுபோன்ற பலத்தில் வாசித்தார். இரண்டாம் முறை கேட்டபோது அந்தக் கோவைக்கு ஒரு நடை வந்துவிட்டது. முன்னுக்குச் சாய்ந்துகொண்டு நடப்பவருடைய நடை. ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்கள் 'கோஸ்ட் நோட்' என்று அழைக்கும் அந்த அரைகுறை ஒலிகளைத்தான் அவர் இரண்டாம் முறை சேர்த்திருந்தார். வேகமாக அடிப்பதைவிட வேகத்துக்கு நடுவே மெல்ல அடிப்பதுதான் கடினம் என்று அவர் சொன்னார். மணிக்கட்டை இறுக்கினால்தான் அந்த வேகத்தில் பலம் கிடைக்கும். இளக்கினால்தான் மென்மை கிடைக்கும். ஒரே நொடிக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். விளம்பகாலத்தில் பாட்டை அணைத்து வாசிக்கும் மிருதங்கக் கலைஞரிடம் நாம் பார்க்கும் அந்த அடக்கத்தை, அவசரமே இயல்பான ஓர் இசைக்குள் கொண்டுவந்தவர் ரைனெர்ட்.

கிட்டார் பக்கத்தில் இருந்த தடை இதைவிடச் சுவாரசியமானது. மெட்டலின் அடிப்படை 'பவர் கார்டு': நம் மொழியில் சொன்னால், சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த இரண்டு சுரக் கூட்டு. அதற்கு மேல் சேர்க்காததற்குக் காரணம் சோம்பல் அன்று, ஒலியின் இயற்பியல். டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் முகட்டை வெட்டித் தட்டையாக்குவது. அப்படி வெட்டும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகள் பிறக்கின்றன. நொடிக்கு 110 அதிர்வுகள் கொண்ட சட்ஜத்தோடு ஏறக்குறைய 165 அதிர்வுகள் கொண்ட பஞ்சமத்தைச் சேர்த்தால், கழித்து வருவது 55. அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம். எனவே அந்தக் கூட்டு தானே பெருத்து, யாரும் வாசிக்காத கீழ்ச்சட்ஜம் ஒன்றையும் எழுப்பி, நெஞ்சில் மோதுகிறது. ஜாஸுக்கு உயிரான கார்டுகளிலோ காந்தாரம், நிஷாதம், அதற்கு மேல் ரிஷபம் எல்லாம் சேர்ந்து நிற்கும். அவற்றை முழு டிஸ்டார்ஷனில் விட்டால் பிறக்கும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று முட்டி, கேட்பவருக்கு வெறும் சேறுதான் மிஞ்சும். ஜாஸையும் மெட்டலையும் கலக்க முயன்ற பலர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

மஸ்விடாலும் கோபெலும் இதைக் கடந்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கனமான பகுதிகளில் இரண்டு கிட்டார்களும் ஒரே கார்டை இரட்டித்து வாசிப்பது மெட்டலின் வழக்கம். இவர்கள் தங்களுக்குள் சுரங்களைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் ஒரு வரியையும் மற்றவர் அதற்கு எதிர்வரியையும் பிடிக்கிறார்கள். எந்த ஒரு கிட்டாரிலும் சுரங்கள் நெரிசல்படுவதில்லை, ஆனால் இரண்டும் பாஸும் சேர்ந்து கேட்பவர் காதுக்குள் ஒரு செறிந்த கார்டாக நிறைகின்றன. கார்டு முழுவதையும் ஒரே கையில் வைத்துக் காட்டவேண்டிய இடம் வந்தால் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டுத் தெளிந்த நாதத்துக்கு வருகிறார்கள். ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த்தின் செல்வாக்கை இங்கே கேட்கலாம். மீட்டிய ஓசை தெரியாமல் மெல்ல மலர்ந்து விரியும் அவருடைய கார்டுகளும், மூச்சுவிடும் வாத்தியத்தை வாசிப்பவரைப்போல் அவர் கோக்கும் நீண்ட வாக்கியங்களும் மஸ்விடாலின் தனிவாசிப்புகளுக்குள் இறங்கியிருக்கின்றன. கிட்டாரின் மூலம் சின்தசைசரை இயக்கும் கருவிகளையும் இவர்கள் பயன்படுத்தியதால், எது நரம்பின் ஒலி, எது மின்னொலி என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது.

ஆல்பம் எளிதாகப் பிறந்துவிடவில்லை. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது குழுவினரின் ஒத்திகை இடமும் சேதமடைந்து, பதிவு வேலைகள் தள்ளிப்போயின. டோனி சோய் ஏதியிஸ்ட் குழுவுக்குப் போய்விட, பாஸுக்கு ஷான் மலோன் வந்தார். தாமதம் இவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் கருத்து. கிடைத்த இடைவெளியில் புதிய பாடல்களை எழுதினார்கள், பழையவற்றைப் பிரித்துக் கட்டினார்கள். அதைவிடப் பெரிய நன்மை மலோனின் வருகை. ஜாக்கோ பஸ்டோரியஸின் தனிவாசிப்புகளைக் கேட்டுக் கேட்டுச் சுரக்குறிப்பில் எழுதி நூலாகவே வெளியிட்டவர் அவர். பிற்காலத்தில் இசைக் கோட்பாட்டில் ஆய்வாளராகவும் விளங்கினார். 'ஃபோகஸ்' ஆல்பத்தில் ஃப்ரெட் இல்லாத பாஸையும், இரு கைகளாலும் தட்டி வாசிக்கும் சாப்மன் ஸ்டிக் என்ற வாத்தியத்தையும் அவர் வாசித்திருக்கிறார். பெரும்பாலான மெட்டல் ஆல்பங்களில் பாஸ், கிட்டாரின் நிழலாகவே கிடக்கும். இங்கே அது தனக்கென்று ஒரு மெட்டைப் பாடுகிறது. வாத்திய இசையாக மட்டுமே அமைந்த 'டெக்ஸ்சர்ஸ்' என்ற உருப்படியில் மற்றவர்கள் விலகி நின்று அவருக்கு இடம்கொடுக்கும்போது, மயாமியிலிருந்து ஃபோர்ட் லாடர்டேல் எவ்வளவு பக்கம் என்பது புரிந்துவிடும்.

குரலைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அன்றும் இன்றும் இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் முதலில் தடுமாறுவது அதில்தான். உறுமல் பகுதிகளை டோனி டீகார்டன் என்பவரிடம் விட்டுவிட்டு, மஸ்விடால் தம் குரலை வோகோடர் என்ற கருவிக்குள் செலுத்தினார். 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி, தொலைத்தொடர்புக்காக உருவாக்கிய கருவி அது. பேச்சின் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதை வேறோர் ஒலியின் மேல் பதிக்கும். விளைவு, மனிதனும் அல்லாத இயந்திரமும் அல்லாத, ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல இயலாத ஒரு குரல். உறுமல் ஒருபுறம் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருக்க, இந்தக் குரல் அதற்கு மேலே மிதந்து செல்கிறது. இது செயற்கையாக இருக்கிறது என்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை. முதல் பாடலின் பெயரே மாயையின் திரையைக் குறிப்பது. தன்னையும் உலகத்தையும் பிரிக்கும் எல்லை பொய்யானது என்ற எண்ணம் ஆல்பம் முழுக்க ஓடுகிறது. அத்தகைய வரிகளைப் பாடும் குரல், குறிப்பிட்ட ஒரு மனிதருடையது என்ற அடையாளத்தை இழந்து நிற்பது பொருத்தமாகவே இருக்கிறது. மயானங்களையும் சிதைந்த உடல்களையும் பாடிக்கொண்டிருந்த ஒரு வட்டாரத்திலிருந்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள் இதைச் செய்தார்கள்.

'சென்டிமென்ட்' என்ற பாடலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கைத்தாள வாத்தியங்களும் பாஸும் சேர்ந்து ஒரு வட்டத்தைச் சுற்ற, அதன் மேல் ஒரு பெண் குரல் மெல்லப் பேசுகிறது. டிரம்ஸ் முழுதாக நுழைந்த பின்பும் அந்த வட்டம் கலைவதில்லை. ரைனெர்ட்டின் இடக்கால் ஹை-ஹாட் எனப்படும் சிம்பல் இணையைத் திறந்து மூடும் ஓசை, மூச்சைப்போல், எங்கும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. கனமான கிட்டார் வரி வரும்போது அதன் ஆற்றல் இரட்டிப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதற்கு முன்னிருந்த அமைதிதான். எல்லாப் பகுதிகளும் உரக்க இருக்கும் ஆல்பத்தில் உரத்த பகுதி என்ற ஒன்று இருக்கமுடியாது. இதை இசை பயின்ற எவரும் கொள்கையாகச் சொல்லிவிடலாம். டெத் மெட்டலின் நடுவில் நின்றுகொண்டு செய்துகாட்டியவர்கள் அன்று மிகச் சிலரே.

ராக்கின் உரத்த ஓசையோடு ஜாஸை இணைத்தவர்களின் வரிசை இவர்களுக்கு முன்பே, 1971இல் ஜான் மக்லாக்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுக்களோடு ஆரம்பிக்கிறது. அந்த வரிசையில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை. மக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார்; பிறகு அவர் அமைத்த சக்தி குழுவில் வயலினுக்கு எல். சங்கரும் கடத்துக்கு விக்கு விநாயக்ராமும் இருந்தார்கள். மின்கிட்டாரின் ஆவேசத்தை ஒருமுறை கீழே வைத்துவிட்டு, மெல்லிய வாத்தியங்களோடு அதே வேகத்தில் உரையாடிப் பார்த்த அந்தக் குழுவின் துணிச்சலையும் சினிக்கின் துணிச்சலையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை.

இதே ஆண்டுகளில் வேறு சிலரும் இந்த வழியில் நடந்தார்கள். அதே ஃப்ளோரிடாவின் ஏதியிஸ்ட் 1991இல் வெளியிட்ட 'அன்க்வெஸ்சனபிள் பிரசன்ஸ்' வியக்கத்தக்க ஆல்பம். அதன் பாஸ் வரிகளை உருவாக்கிய ரோஜர் பாட்டர்சன் அதே ஆண்டின் தொடக்கத்தில் வாகன விபத்தில் இறந்துவிட, அவருடைய இடத்தில் டோனி சோய் வாசித்தார். நெதர்லாந்தின் பெஸ்டிலன்ஸ் 1993இல் 'ஸ்பியர்ஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. ஏதியிஸ்டின் இசை எனக்குத் தருவது பரபரப்பு. பெஸ்டிலன்ஸ் தருவது ஒரு சோதனைச்சாலையின் ஆர்வம். பிற்காலத்தில் நார்வேயின் ஷைனிங் சாக்ஸபோனை அலறவிட்டது; மியூனிக்கின் பான்சர்பாலெட் எண்கணக்கின் எல்லையைத் தொட்டது; அமெரிக்காவின் அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் எட்டு நரம்புக் கிட்டாரில் புதிய உத்திகளைக் கண்டது. இவர்கள் அனைவரையும் மதிக்கிறேன். இருந்தாலும் ஜாஸ் பகுதி, மெட்டல் பகுதி என்று கோடு கிழிக்க இடமே தராமல் வாசித்தவர்கள் என்று சினிக்கைத்தான் சொல்வேன்.

அன்றைய ரசிகர்கள் அதற்குத் தயாராக இருக்கவில்லை. ஆல்பம் வெளியான பின் 1994இல் கேனிபல் கார்ப்ஸ் குழுவுடன் அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஏற்பாடாயிற்று. டெத் மெட்டலின் மிகக் கொடூரமான வடிவத்தைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் வோகோடர் குரலும் தெளிந்த கிட்டாரும் ஒலித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெறுப்பை முகத்துக்கு நேரே சந்தித்தார்கள். அந்த ஆண்டிலேயே குழு கலைந்தது. ஒரே ஓர் ஆல்பத்தோடு முடிந்துபோன குழு என்றுதான் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் சினிக் அறியப்பட்டது. ஆனால் அந்த ஆல்பம் கையிலிருந்து கைக்கு, பிரதியிலிருந்து பிரதிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதன் முதல் பாடலின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட மெட்டல் குழு ஒன்று சிகாகோவில் தோன்றியது.

2006இல் மஸ்விடாலும் ரைனெர்ட்டும் மீண்டும் சேர்ந்தார்கள். 2008இல் 'டிரேஸ்டு இன் ஏர்' வெளிவந்தது. முதல் ஆல்பத்தைவிட அது சிறந்தது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. ரைனெர்ட்டின் வாசிப்பு அதில் மேலும் கனிந்திருக்கிறது. இருபது வயதில் எல்லா இடத்தையும் நிரப்பத் துடித்த கை, இப்போது எந்த இடத்தை விடவேண்டும் என்பதை அறிந்திருக்கிறது. வோகோடர் குறைந்து மஸ்விடாலின் சொந்தக் குரல் வெளிப்படுகிறது. உறுமல் பெரும்பாலும் பின்னணியில் ஒரு நிறமாக மட்டும் நிற்கிறது.

2014இல் மஸ்விடாலும் ரைனெர்ட்டும் தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் வழியே பொதுவெளியில் அறிவித்தார்கள். ஆண்மையின் முரட்டுத்தனத்தையே முகமாகக் கொண்ட ஓர் இசை வட்டாரத்தில், பதின்ம வயதிலிருந்து அவர்கள் சுமந்து வந்த சுமை எத்தகையது என்பதை அதன் பிறகுதான் பலர் எண்ணிப்பார்த்தார்கள். இசையை வாழ்க்கை வரலாற்றால் விளக்கிவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மென்மையாக வாசிப்பதற்கு அந்த மேடைகளில் எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதை அளக்க அந்தச் செய்தி எனக்கு உதவியது.

அதன் பின் வந்த ஆண்டுகள் துயரமானவை. 2015இல் இருவரும் பிரிந்தார்கள். 2020 ஜனவரி 24 அன்று ரைனெர்ட் 48 வயதில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில், 50 வயதில், மலோனும் இறந்தார். ஓராண்டுக்குள் அந்த இசையின் அடித்தளமாக இருந்த இருவரும் போய்விட்டார்கள். 2021இல் மஸ்விடால் 'அசென்ஷன் கோட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டபோது டிரம்ஸ் வாசித்தவர் மாட் லிஞ்ச். மலோனின் இடத்துக்கு வேறொரு பாஸ் கலைஞரைக் கொண்டுவராமல், டேவ் மெக்கே என்ற கீபோர்டு கலைஞர் சின்தசைசரில் பாஸ் பகுதிகளை வாசித்தார். அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஃப்ரெட் இல்லாத பாஸை யார் வாசித்திருந்தாலும் ஒவ்வொரு வழுக்கலையும் மலோனுடன் ஒப்பிட்டுத்தான் கேட்டிருப்போம். லிஞ்சின் பணி இன்னும் கடினமானது. அவர் ரைனெர்ட்டைப் போலச் செய்ய முயலவில்லை. அவருடைய அடிகள் கூர்மையானவை, இன்றைய மின்னணு இசையின் வெட்டுகளை அறிந்தவை. ஆனால் ஓங்கிய அடிகளுக்கிடையே மெல்லியவற்றைப் பொதிந்துவைக்கும் அந்த வழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை.

இக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் நேரே 'ஃபோகஸ்' ஆல்பத்துக்குப் போகவேண்டாம் என்பேன். முதலில், ரைனெர்ட் டெத் குழுவுடன் வாசித்த 'லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்'; அடுத்து 'டிரேஸ்டு இன் ஏர்' ஆல்பத்தின் இறுதிப் பகுதியில் வரும் 'கிங் ஆஃப் தோஸ் ஹூ நோ'; அதன் பிறகு 'டெக்ஸ்சர்ஸ்'. இந்த மூன்றையும் நல்ல ஹெட்ஃபோனில், ஒலி அளவைச் சற்றுக் குறைத்து வைத்து, கிட்டார்களை மறந்துவிட்டு ரைனெர்ட்டின் வலக்கையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அந்தக் கை பிடிபட்டுவிட்டால் வோகோடரும் உறுமலும் உங்களுக்குத் தடையாக இரா.